பத்தாவது ஆள்

முதுமையைப் பற்றி எழுதுவதற்கு முதியோர்க்கே உரிமை உண்டென்று சிலர் கருதக்கூடும். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய தோட்டக் கிராணி ஒருவன் அதைப்பற்றி எழுதப் புகுவது அதிகப்பிரசங்கம் என்று கூறுவாரும் இருப்பர். ஆயினும் முதுமை என்பது முதியோர்க்கு மட்டும் உரிய விஷயமன்று. ஒரு வீட்டில் ஒருவர் மூப்படைந்தால் அவ்வீடு முழுவதும் அதன் பாரத்தைத் தாங்குகிறது. ஒரு சமூகத்தில் முதியோர் கவனிப்பாரின்றித் தனித்து நிற்பாராயின், அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அச்சமூகத்தின் இளைஞரே. அன்றியும், இன்றைய வாலிபனே நாளைய கிழவன் என்பதை அறியாதார் யார்?

தலை எண்ணுவது என் தொழில். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, வந்தவர் இத்தனை பேர், வராதவர் இத்தனை பேர் என்று எழுதுவது என் அன்றாடக் கடமை. செக்ரோலில் பெயர் உள்ளவரே ஆள். பெயர் நீங்கியவர் நாற்பது வருஷம் அம்மண்ணிலேயே உழைத்தவராயினும் ஆளல்லர். இத்தொழிலில் பழகியதனால், எந்தச் சமூகத்தைப் பற்றிப் படித்தாலும், 'இவர்கள் யாரை எண்ணுகிறார்கள்? யாரை எண்ணாமல் விடுகிறார்கள்?' என்னும் கேள்வியே என் மனத்தில் முதலில் எழுகின்றது. அவ்விதம் நான் படித்தவற்றுள் யூதரின் வரலாறு என்னைப் பெரிதும் சிந்திக்கச் செய்தது. ஏனெனில், ஆள் எண்ணுவதையே ஒரு மதவிதியாக வைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

அவ்விதி யாதெனில், பத்துப் பேர் கூடினாலொழிய யூதரின் பொதுப் பிரார்த்தனை நிறைவுறாது என்பதாம். இப்பத்துப் பேர் கொண்ட கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். பழைய முறைப்படி, பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்மக்களே இக்கணக்கில் சேர்வர். ஒன்பது ஆடவரும் இருபது பெண்டிரும் ஜெபாலயத்தில் கூடியிருப்பினும் மின்யான் ஆகாது. செல்வந்தன், ஏழை, படித்தவன், படியாதவன் என்ற பேதமின்றிப் பத்தாவது ஆளாக எவன் உள்ளே நுழைகின்றானோ அவனால்தான் அக்கூட்டம் கூட்டமாகின்றது. கேட்பதற்கு இது அழகிய சமத்துவமாகவே தோன்றுகிறது. ஆனால் இதே கணக்கு, ஒரு சமூகம் முதுமையடையும்போது என்ன செய்கிறது என்பதை நம் பினாங்கிலேயே காணலாம்.

பினாங்கில் யூதர் வாழ்ந்தனரா என்று வாசகர்கள் வியப்புறலாம். வாழ்ந்தனர். பாக்தாத்திலிருந்து புறப்பட்டுப் பம்பாய், கல்கத்தா, ரங்கூன் முதலிய துறைமுகங்களின் வழியே வியாபாரத்தின் பொருட்டுக் கிழக்கே வந்த குடும்பங்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தங்கின. சிங்கப்பூர் வாட்டர்லூ வீதியில் 1878இல் கட்டப்பட்ட அவர்களுடைய ஜெபாலயம் இன்றும் இருக்கிறது. அதே வீதியில்தான் நம்மவரின் கிருஷ்ணன் கோயிலும் உள்ளது. பினாங்கில் அவர்களுடைய ஜெபாலயம் நம் நாகூரின் பெயரைத் தாங்கிய நாகூர் ரோட்டில், 28ஆம் எண் கட்டிடத்தில், 1929இல் திறக்கப்பட்டது. ஜப்பானியர் யுத்தத்தின்போதும் அதற்குப் பின்னரும் இளைஞர் சிங்கப்பூருக்கும், ஆஸ்திரேலியாவுக்கும், அமெரிக்காவுக்கும், இஸ்ரேலுக்குமாகப் பிரிந்து சென்றனர். முதியோர் எஞ்சினர். இறுதியில் பத்து ஆடவர் சேராத நிலை வந்தது. 1976இல் நாகூர் ரோடு ஜெபாலயம் மூடப்பட்டது. தீயால் அழியவில்லை, பகைவரால் இடிக்கப்படவில்லை, ஆள் கணக்குக் குறைந்ததனால் மூடப்பட்டது.

யூதர் கல்லறைத் தோட்டம் மட்டும் அங்கே நிலைத்து நிற்கிறது. முன்னர் யூதர் சாலை என்றே வழங்கிய அச்சாலை இப்போது ஜைனல் ஆபிதீன் சாலை எனப்படுகிறது. மதிற்சுவருக்குள் நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள். அவற்றுள் மிகப் பழையது 1835ஆம் வருஷத்தது. ஒரு பெண்மணிக்கு உரியது. பினாங்கின் பிரபல ஹோட்டல் ஒன்றை நெடுங்காலம் நிர்வகித்த டேவிட் மொர்தெகாய் என்பவர், அவ்வூரின் கடைசி யூதர் என்று பலராலும் அறியப்பட்டவர், 2011இல் காலமானார். அக்கல்லறைகளைக் காவல் காத்து, புல் வெட்டிப் பேணி வந்தது ஓர் இந்தியக் குடும்பம். இறந்தவரின் பேரப்பிள்ளைகள் கடல்களுக்கு அப்பால் இருக்க, இரத்த சம்பந்தமே இல்லாதவர் அவர்களுடைய கல்லறைகளைக் கூட்டித் துடைத்தனர்.

இந்நாளில் யூதரைப் பற்றி எழுதினால், 'பாலஸ்தீன மக்கள் படும் துயரை மறந்தாயோ?' என்று கேட்பார் உண்டு. மறக்கவில்லை. அத்துயர் நியாயமுள்ள எவனையும் வருத்தும் துயரே. ஆனால் பினாங்கில் துணி விற்று, பிள்ளை வளர்த்து, மூத்து, இறந்தவரைக் கணக்குக்கு இழுப்பது நியாயமன்று. ஒருவன் பிறந்த குலத்தைக் கொண்டு அவனை மதிப்பிடாதே என்று நம் சமூகத்துக்கு எத்தனையோ வருஷங்களாகச் சொல்லி வருகிறோம். அந்த நீதி நமக்கு மட்டும் உரியதா?

நிற்க. மின்யான் இல்லாமற் போனால் ஒரு முதியவருக்கு நேரும் பெரிய நஷ்டம் எது? கதீஷ் என்னும் பிரார்த்தனை அவருக்கு இல்லாமற் போவதே. பெற்றோர் இறந்தால் மகன் பதினொரு மாதம் கதீஷ் சொல்வது யூதர் வழக்கம். அப்பிரார்த்தனையில் மரணத்தைக் குறித்து ஒரு சொல்லும் இல்லையென்பது அதிசயம். அது முழுவதும் கடவுளின் பெயரைப் போற்றுவதே. பழைய அரமேய மொழியில் அமைந்த அதைத் தனியே நின்று சொல்லலாகாது. பத்துப் பேர் நடுவே நின்றுதான் சொல்லவேண்டும். துக்கத்தில் ஒருவன் தனித்திருக்கலாகாது என்ற உயர்ந்த கருத்து அதனுள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மகன்தான் சொல்ல வேண்டுமென்று வைத்ததனால், ஐரோப்பிய யூதப் பெற்றோர் தம் ஆண்பிள்ளையையே 'என் கதீஷ்' என்று கூறும் வழக்கம் உண்டாயிற்று. நம்மவர் 'கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டாமா?' என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? 'புத்' என்னும் நரகத்திலிருந்து கரையேற்றுபவனே புத்திரன் என்று நம்மிடம் சொன்ன சாஸ்திரமும், பெண்ணை மின்யானில் எண்ணாத விதியும் ஒரே பள்ளியில் படித்தவை போலும்!

இவ்விஷயம் என் வீட்டு வாசலுக்கே வந்த விஷயம். எனக்கு இரண்டும் பெண்மக்கள். என் தாயார் எழுபத்தெட்டு வயதானவர். 'எனக்கு நீ இருக்கிறாய். உனக்கு யார் இருக்கிறார்கள், தம்பி?' என்று அவர் கேட்காத வாரம் இல்லை. அதில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. மகன் அனாதையாகப் போய்விடுவானே என்ற பயம் மட்டுமே உண்டு. 'என் மக்கள் இருக்கிறார்கள், அம்மா' என்பேன். 'அவர்கள் ஒரு வீட்டுக்குப் போகிறவர்கள்தாமே' என்பார். சடங்குகளில் நம்பிக்கையில்லாத எனக்கும் அத்தருணத்தில் பதில் தோன்றுவதில்லை. பயத்தைத் தர்க்கத்தால் வெல்ல முடியாது. அதற்கு ஓர் உதாரணம் காட்டவேண்டும். அவ்வுதாரணத்தை நான் ஒரு யூத மாதரின் வரலாற்றில் கண்டேன்.

ஹென்ரீட்டா சோல்ட் என்னும் அம்மையார் 1860இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிறந்தவர். தந்தையார் யூத மதகுரு. அவர் பெற்றோருக்கு எட்டுப் பெண்மக்கள். ஆண் மகவு ஒன்றும் இல்லை. 1916இல் அவருடைய தாயார் மறைந்தபோது, குடும்ப நண்பர் ஒருவர், தாமே மகன் ஸ்தானத்தில் நின்று கதீஷ் சொல்வதாக அன்புடன் எழுதினார். அம்மையார் அவ்வன்புக்கு மனமார நன்றி கூறி, அதனை ஏற்க மறுத்துவிட்டார். தம் தாயாருக்குத் தாமே கதீஷ் சொல்லப்போவதாகப் பதில் எழுதினார். வீட்டுப் பொறுப்பு மிகுந்த பெண்களுக்குச் சில கடமைகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதேயன்றி, செய்ய இயன்ற பெண்ணை அவற்றிலிருந்து தடுப்பது மதத்தின் நோக்கமாகாது என்பது அவர் வாதம். ஆண்பிள்ளை இல்லையே என்று தாய் தந்தையர் ஒருநாளும் வருந்தியதில்லையென்றும், தந்தையார் இறந்தபோது பெண்மக்களின் இடத்தை வேறெவரும் எடுத்துக்கொள்ளத் தாயார் சம்மதிக்கவில்லையென்றும் அவர் எழுதினார். மரபை வெறுத்து எழுதிய கடிதமன்று அது. மரபின்மேல் பற்றுடையவர், அம்மரபில் தமக்குரிய பங்கைக் கேட்டு எழுதிய கடிதம்.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. மணம் செய்துகொள்ளாதவர், பிள்ளை பெறாதவர். நம் ஊர்க் கணக்கில் அவருடைய வாழ்வு முடிந்த வாழ்வு. ஆனால் நடந்ததென்ன? அறுபதை நெருங்கும் வயதில் பாலஸ்தீனம் சென்று வைத்தியப் பணியில் ஈடுபட்டார். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், எழுபதைக் கடந்த வயதில், அங்கிருந்து யூதச் சிறுவர் சிறுமியரை வெளியேற்றிக் காக்கும் இயக்கத்தின் பொறுப்பைத் தலைமேல் தாங்கினார். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உயிர் பிழைத்தனர். 1945இல் எருசலேமில் அவர் காலமானபோது, பெற்ற பிள்ளை ஒன்றேனும் இல்லாத அவ்வம்மையாருக்காக வருந்திய பிள்ளைகளை எண்ணி முடிப்பது எந்தக் கிராணிக்கும் இயலாத காரியம்.

அவர் கேட்ட பங்கு பின்னர் மெல்ல மெல்லக் கிடைக்கலாயிற்று. அமெரிக்காவில் மரபுக்கும் சீர்திருத்தத்துக்கும் இடைப்பட்ட வழியில் செல்லும் யூதப் பிரிவினர், 1973இல் பெண்களையும் மின்யானில் எண்ணலாமென்று தீர்மானித்தனர். தாய் யூதராயிருந்தால்தான் பிள்ளை யூதன் என்னும் பழைய விதியையும், சீர்திருத்தப் பிரிவினர் 1983இல் தளர்த்தி, தந்தை வழியில் வந்து யூதராகவே வளர்க்கப்பட்டவரையும் சேர்த்துக்கொண்டனர். வைதிகப் பிரிவினர் இவற்றை இன்றும் ஒப்புவதில்லை. ஆகவே யார் யூதன், யாரை எண்ணுவது என்பது அச்சமூகத்தில் தீர்ந்த வழக்கன்று. வீட்டுக்கு வீடு, தலைமுறைக்குத் தலைமுறை நடந்துகொண்டிருக்கும் வழக்கு.

பெண்ணை எண்ணாமை ஒரு குறை. பிறப்பைக் காட்டி ஆணையும் எண்ணாமல் விடுவது மற்றொரு குறை. இதற்கு உதாரணம் தேடி அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை; தமிழகத்தின் அண்டை வீடாகிய கொச்சியே போதும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட ஜெபாலயத்துக்குப் பரதேசி ஜெபாலயம் என்று பெயர். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கட்டியதனால் அப்பெயர் வந்தது. அங்கே, அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்ற யூதரின் சந்ததியார் மற்றவர்க்குச் சமமாகப் பெஞ்சியில் அமரக்கூடாது. அவர்களோடு மண உறவும் இல்லை. கல்லறை நிலத்திலும் வேற்றுமை. மதம் ஒன்று, வேதம் ஒன்று, கடவுளும் ஒருவரே. ஆயினும் இருக்கை மட்டும் இரண்டு! ஜாதி என்னும் நோய் நம்மிடமிருந்து அவர்களுக்குத் தொற்றியதோ, அன்றி மனிதர் கூடும் எவ்விடத்திலும் தானே முளைப்பதோ, அறிஞர் ஆராயட்டும்.

அவ்விதம் ஒதுக்கப்பட்ட குடும்பமொன்றில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பாரக் சேலம். பெயர் சேலமாயினும் ஊர் கொச்சியே. சென்னையில் சட்டம் படித்து வக்கீலானார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக முறையைத் தம் சொந்த ஜெபாலயத்திலேயே கையாண்டு, தம்மவரின் உரிமைக்காகப் போராடினார். 'யூத காந்தி' என்று அவரை அழைத்தனர். பலவருஷப் போராட்டத்தின் பின் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எனினும் 1950இல் அவருடைய மகன் 'வெள்ளை' யூதக் குடும்பத்துப் பெண்ணொருத்தியை மணந்தபோது, அம்மணம் கொச்சியில் நடவாமல் பம்பாயில் நடக்க வேண்டியிருந்தது.

அதற்குச் சில வருஷங்களுக்குள் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். சேலம் அவர்கள் கொச்சியிலேயே மூத்து 1967இல் காலமானார். யார் எந்தப் பெஞ்சியில் அமர்வது என்று பல தலைமுறை வழக்காடிய ஜெபாலயத்தில், பிற்காலத்தில் பெஞ்சிகளே காலியாகக் கிடந்தன. உல்லாசப் பிரயாணிகளாக வரும் யூதரை எதிர்பார்த்து, அவர்களையும் சேர்த்து எண்ணியே பத்துப் பேரைக் கூட்ட வேண்டியதாயிற்று. உள்ளவரை ஒதுக்கிய இடத்தில், வருவாரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் காலம் வந்தது. இதனினும் பெரிய பாடம் நமக்கு வேண்டுமோ?

அதே வீதியில் சாரா கோஹன் என்னும் மூதாட்டியார் தொண்ணூற்றாறு வயதுவரை வாழ்ந்து 2019இல் மறைந்தார். யூதர் தலையில் அணியும் தொப்பிகளையும், பண்டிகை அப்பத்தை மூடும் துணிகளையும் கையால் தைத்து விற்றவர். கணவர் முன்னமே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவரைக் கடைசிவரை கவனித்தவர் ஒரு முஸ்லிம் அன்பர். சிறுவயதில் அவ்வீதியில் சில்லறைச் சாமான் விற்றுத் திரிந்தபோது, அம்மூதாட்டியார் வீட்டில் தம் சரக்கை வைக்க இடம் பெற்றவர். அந்த இடத்துக்கு ஈடாக அவர் தம் வாழ்வில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். அக்கடையையும் அவரே நடத்தினார். முஸ்லிமின் கையால் கஞ்சி அருந்தியதனால் அம்மூதாட்டியார் யூதராய் இருப்பது குறைந்ததா? யூதத் தாய்க்குப் பணிவிடை செய்ததனால் அவர் முஸ்லிமாய் இருப்பது குறைந்ததா? இரண்டும் குறையவில்லை. பிறப்பு நமக்குப் பெயரைத் தருகிறது. முதுமையில் நம்மைத் தூக்கி உட்கார வைப்பது கை. அக்கை எக்குலத்தது என்று கேட்பது, விழுந்து கிடப்பவர்க்கு இயலாத ஆடம்பரம்.

யூதரின் தல்மூத் என்னும் நூலில் ஒரு செய்தி உண்டு. மோசே கோபத்தில் உடைத்த முதல் கற்பலகைகளின் துண்டுகள் எறியப்படவில்லையாம். பின்னர் எழுதப்பெற்ற முழுப் பலகைகளோடு அதே பெட்டியிலேயே வைத்துப் போற்றப்பட்டனவாம். ஆகவே, முதுமையினால் கற்றதை மறந்துபோன பெரியவரையும் முன்போலவே மதிக்க வேண்டுமென்று அந்நூலார் கூறுகின்றனர். இதைப் படித்தபோது என் தாயாரையே நினைத்தேன். ஐந்நூறு மரத்துக்குப் பால் வெட்டிய கைகள் அவை. இன்று ஒரு குவளைத் தண்ணீரைச் சிந்தாமல் ஏந்த மாட்டா. தோட்டத்தில் எல்லோருடைய ஊரும் உறவும் அறிந்திருந்தவர், இப்போது பேத்தியை என் அக்காளின் பெயர் சொல்லி அழைக்கின்றார். உடைந்த பலகையும் பலகையே. முழுப் பலகைகளாகிய நாம் அவரோடு ஒரே பெட்டியில் இருக்கச் சம்மதிக்கிறோமா என்பதே கேள்வி.

என் அக்காளைப் பற்றிச் சொன்னேன். தாயாரைக் குளிப்பாட்டுவதும், தலை வாருவதும், இரவில் நான்கு முறை எழுந்து பார்ப்பதும் அவர்தான். மாதம் ஒருமுறை மருந்து வாங்கி வருவதே என் பங்கு. ஆனால் வழக்கப்படி, நாளை ஒருநாள் சுடலைக்குப் போகும் உரிமை எனக்கு; வீட்டு வாசலோடு நின்றுவிடும் விதி அவருக்கு. பத்து வருஷம் சுமந்தவரைப் பத்து நிமிஷத்துக்கு எண்ணாமல் விடுவதா? இதை நான் தாயாரிடமே சொன்னேன். 'அம்மா, உங்களுக்கு நானும் அக்காளும் சேர்ந்தே செய்வோம். எனக்கு என் மக்கள் செய்வார்கள்' என்றேன். ஹென்ரீட்டா அம்மையாரின் கதையையும், எட்டுப் பெண்களைப் பெற்ற அவர் தாயார் குறைப்படாமல் வாழ்ந்ததையும் சொன்னேன். தாயார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், 'எட்டும் பொண்ணா?' என்று கேட்டுச் சிரித்தார். அன்று அவர் பயம் தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மறு வாரம் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார். நானும் அதே பதிலைத் திரும்பவும் சொன்னேன். ஆனால் அக்காள் அன்றிரவு என்னிடம், 'நான் வருவேன், தம்பி' என்றார். அது போதும்.

மலேசியத் தமிழ் அன்பர்களே! நாமும் மூத்துவரும் சமூகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, இளைஞர் பட்டணங்களுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர், பல லயங்களில் கிழவரும் கிழவியருமே எஞ்சினர். கோயில் கமிட்டியிலும், மரண சகாய சங்கத்திலும், பள்ளிக்கூடச் சங்கத்திலும் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை என்று குறைப்படுகிறோம். அதே வேளையில், பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க யோசிக்கிறோம். வேறு ஜாதியில் மணந்தவரை வாசலில் நிறுத்துகிறோம். சீனத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்து தமிழ் பேசி வளர்ந்த பிள்ளையை 'நம்மவனா?' என்று கேட்கிறோம். ஆள் குறைவு என்பதும், ஆளை ஒதுக்குவதும் ஒரே வாயிலிருந்து வரலாமா?

நாம் செய்யத் தக்கவை பெரிய காரியங்கள் அல்ல. மரண சகாய சங்கங்களின் புத்தகங்களில் பெண்களின் பெயர்களைத் தனி அங்கத்தினராக எழுதுவோம். சுடலைக்கு வர விரும்பும் மகளைத் தடுக்காதிருப்போம். தனித்து வாழும் முதியோர் யார் யார் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பட்டியல் எடுத்து, வாரத்துக்கு ஒருவராவது அவர்கள் கதவைத் தட்டுவோம்; தட்டுகிறவர் எம்மதத்தவராயினும் வரவேற்போம். நாகூர் ரோட்டுக் கதவு மூடியது போல் நம் கதவுகளும் மூடும் நாள் வருமுன் இவற்றைச் செய்ய வேண்டும். பத்தாவது ஆள் எப்போது வருவாரென்று வழியைப் பார்த்துக் கொண்டிராமல், எண்ணப்படாமலே இத்தனை காலம் நம் பக்கத்தில் நிற்பவரை எண்ணத் தொடங்குவோமாக.